ஃபீல்டு புக் செயலி: கையெழுத்துப் போடுகிறவனின் மதிப்புரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிரின் அளவுகளை வயலிலேயே பதிந்துகொள்ளும் இந்தச் செயலியைத் தினமும் தூக்கிக்கொண்டு நடப்பவன் நான் அல்ல. நான் கையெழுத்துப் போடுகிறவன். ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் வேளாண் ஆராய்ச்சியை நிர்வகிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் சோளத்தில் பயிர் இனப்பெருக்கம். அதனால் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதைவிட, இதை ஒரு துறைக்குள் கொண்டுவந்தால் என்னென்ன கிளம்பும் என்பதுதான் இங்கே அதிகம் இருக்கும். மூன்று பருவம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

என் அறைக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி உண்டு. நாற்காலியோடு சேர்ந்து வந்தது. உள்ளே வயல் நோட்டுகள். பழுப்பேறிய தாள், காய்ந்த சேற்றில் பெருவிரல் தடம், நனைந்து ஒட்டிக்கொண்ட பக்கங்கள். பொறுப்பேற்ற முதல் மாதம் ஒரு பழைய சோதனையின் தரவு தேவைப்பட்டது. நோட்டு கிடைத்தது. ‘உயரம்’ என்ற தலைப்புக்குக் கீழே பக்கம் பக்கமாக எண்கள். எந்த ஆண்டு, எந்தத் திடல், எத்தனையாவது ரெப்ளிகேஷன் (அதே சோதனையைத் திரும்பப் போடும் தொகுதி), ஒன்றுமே இல்லை. எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார். போன் போட்டுக் கேட்டேன். “நீல அட்டை நோட்டா, மஞ்சள் அட்டையா?” என்றார். நீலம் என்றேன். “அப்ப அதோட ஜோடி மஞ்சள் நோட்டுல இருக்கும், எல்லாம் அதுலதான் எழுதி வெச்சேன்” என்றார் சந்தோஷமாக. மஞ்சள் நோட்டு அலமாரியில் இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் நோட்டுகளும் அதே லட்சணத்தில்தான் இருந்தன. தரவு ஆளோடு வாழ்கிறது, ஆள் போனால் கூடவே போய்விடுகிறது, சிக்கலே அங்கேதான். முதுநிலை மாணவர் இரண்டு ஆண்டில் கிளம்பிவிடுவார். திட்ட நிதி பெரும்பாலும் மூன்று ஆண்டில் தீரும். விஞ்ஞானிக்கு இடமாற்றமோ பதவி உயர்வோ வரும். ஆனால் முதல் கலப்பிலிருந்து ஒரு ரகம் வெளியாக ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகும். பத்து ஆண்டு வேலையை இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு ஆட்களை வைத்து முடிப்பதுதான் இந்த நாற்காலியின் வேலை. அந்தக் கண்ணோடுதான் நான் எந்தக் கருவியையும் பார்க்கிறேன்.

ஃபீல்டு புக் ஓர் ஆண்ட்ராய்டு செயலி. இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. பிறந்தது கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஜெஸ்ஸி போலந்தின் கோதுமை ஆய்வுக் குழுவில். எழுதியவர் ட்ரெவர் ரைஃப். 2014-இல் இருவரும் இதைப் பற்றி ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு இருவருமே வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டார்கள். செயலிக்கு ஒன்றும் ஆகவில்லை, புதிய பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. எனக்கு முதலில் நம்பிக்கை வந்தது இதனால்தான். செய்தவர் இடம் மாறியும் நிற்காத ஒன்று, அதுவும் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது.

வயலில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். விதைப்புக்கு முன்பே திடலின் வரைபடத்தை ஒரு சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த சாதாரண எழுத்து அட்டவணை) ஏற்றிவிட வேண்டும். ஒவ்வொரு பிளாட்டுக்கும் (திடலுக்குள் ஒரு ரகம் விதைத்த சிறு பாத்தி) தனி அடையாள எண், கூடவே வரிசை, பத்தி. என்ன அளக்கப் போகிறோம் என்ற பட்டியல் தனிக் கோப்பு. உதவியாளர் திடலுக்குள் இறங்கினால் திரையில் ஒரு நேரத்தில் ஒரு பிளாட், ஒரு பண்பு, அவ்வளவுதான் தெரியும். எண்ணைத் தட்டுகிறார், அம்புக்குறியைத் தொடுகிறார், அடுத்த பிளாட் வருகிறது. நடுவில் குழம்பினால் பிளாட் அட்டையில் உள்ள பார்கோடைக் காட்டினால் போதும், நேராக அந்தப் பிளாட்டுக்கே போய்விடும். தட்டிய அந்தக் கணமே சேமிப்பு ஆகிவிடுகிறது. ‘சேவ்’ என்று ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. இணையமும் வேண்டாம். எங்கள் ஆய்வுப் பண்ணையின் கடைசித் திடலில் போன் சிக்னலே வராது, அங்கேயும் ஓடுகிறது.

சின்ன விஷயம் போலத் தெரியும் ஒன்று எனக்குப் பெரிதாகப் பட்டது. எண் சார்ந்த பண்புக்குக் குறைந்த அளவும் அதிக அளவும் வைத்துவிடலாம். சோளத்தின் உயரத்துக்கு 50 முதல் 400 சென்டிமீட்டர் என்று வைத்தோம். 185 என்பதற்கு 1850 என்று தட்டினால் வாங்க மறுக்கிறது. பழைய முறையில் அந்தப் பூஜ்யம் நோட்டிலிருந்து எக்செலுக்கு, எக்செலிலிருந்து ஆய்வேட்டுக்கு, அங்கிருந்து வாய்மொழித் தேர்வுக்கு வரும். தேர்வாளர் அதைத்தான் முதலில் பிடிப்பார். இப்போது செடி பக்கத்தில் நிற்கும்போதே பிடிபடுகிறது, அளவுகோலும் கையிலேயே இருக்கிறது.

சரி, செயலியை இறக்குவதற்கு இரண்டு நிமிடம் ஆனது. அந்தப் பண்புப் பட்டியலைத் தயாரிக்க ஏழு வாரம் ஆனது.

‘செடி உயரம்’ என்று ஒரு பண்பு. ஒரே பண்ணை, ஒரே பயிர். ஒரு குழு தரையிலிருந்து கதிரின் நுனி வரை அளக்கிறது. இன்னொரு குழு கதிரின் அடி வரை. மூன்றாவது குழுவில் கேட்டபோது, “யார் அளக்கிறாங்களோ அதைப் பொறுத்து” என்றார்கள். இந்த மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டு ரகங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். எத்தனை ஆண்டாக என்று கேட்காதீர்கள், அந்தக் குழுக்களில் ஒன்று என்னுடையது. 50 சதவீதப் பூப்பு நாளும் அப்படித்தான். பிளாட்டில் பாதிச் செடிகள் பூத்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு செடி ‘பூத்துவிட்டது’ என்று எப்போது சொல்வது? சோளக் கதிர் மேலிருந்து கீழாகப் பூத்துக்கொண்டு வரும். பாதிக் கதிர் வரை வந்தால் கணக்கா, நுனியில் நாலு மகரந்தப்பை தலைகாட்டினாலே கணக்கா? இடையில் இரண்டு மூன்று நாள் வித்தியாசம் வரும். முன்கூட்டிப் பூக்கும் ரகம் என்று நாம் கொண்டாடுவதில் சில சமயம் வித்தியாசமே அவ்வளவுதான் இருக்கும்.

கூட்டம் போட்டோம். முதல் கூட்டத்தில் சண்டை. இரண்டாவதில் அதைவிடப் பெரிய சண்டை. கடைசியில் க்ராப் ஆன்டாலஜி என்ற பொதுத் தொகுப்பில் இருந்த வரையறைகளை எடுத்து மேசையில் வைத்தேன். அங்கே ஒவ்வொரு மாறிக்கும் பண்பு, முறை, அளவுகோல் மூன்றும் பிரித்தே எழுதியிருக்கிறார்கள். யாருடைய வழக்கமும் ஜெயிக்காமல், வெளியிலிருந்து ஒன்று வந்தால் எல்லோருக்கும் கௌரவம் மிஞ்சுகிறது. நிர்வாகத்தில் இந்த வித்தை பல இடத்தில் உதவும். பயிருக்கு ஒரு பண்புக் கோப்பு, அதை மாற்ற ஒரே ஒருவருக்குத்தான் உரிமை என்று முடிவானது. அந்த ஒருவர் நான் இல்லை. ஆகவும் கூடாது. என் போன்ற இயக்குநரிடம் வந்து ‘ஒரே ஒரு பத்தி சேர்த்துக்கலாமா’ என்று கேட்டால் அவர் சரி என்றுதான் சொல்வார்.

இந்த ஏழு வாரம் செயலியின் குறையா நிறையா என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை நிறைதான். நோட்டு எதையும் கேட்காது, எழுதினதை வாங்கிக்கொள்ளும். இது முன்கூட்டியே சொல்லச் சொல்கிறது. சொல்லும்போதுதான் நாம் ஒத்துப்போகவில்லை என்பது தெரிகிறது.

அடுத்தது டேப்லட். இதைப் படிக்கும் நிர்வாகிகள் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். செயலி இலவசம்தான், ஆனால் அது ஓடும் பொருளை டெண்டர் வைத்துத்தான் வாங்க வேண்டும். விவரக்குறிப்பில் நினைவகம், திரை அளவு, பேட்டரி எல்லாம் எழுதினோம். ‘வெயிலில் திரை தெரிய வேண்டும்’ என்று எழுத மறந்துவிட்டோம். குறைந்த விலை கேட்டவருக்கே ஆர்டர் போனது, விதி அப்படி. வந்த டேப்லட் அலுவலக அறையில் அழகாக இருந்தது. உச்சி வெயிலில் அதில் முகம்தான் தெரிந்தது. திரையின் ஒளிர்வை ‘நிட்ஸ்’ என்ற அலகில் குறிப்பிட்டுக் கேட்கலாம் என்பதை அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். இரண்டாவது முறை வாங்கும்போது, மாதிரி ஒன்றைப் பண்ணைக்கே கொண்டுவந்து நடுப்பகலில் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டோம். ஈரக் கையால் தொட்டால் வேலை செய்கிறதா, கழுத்தில் மாட்டப் பட்டை உண்டா என்பதையும் அன்றே பார்த்துவிட்டோம்.

அந்த மங்கல் திரை இன்னொரு சங்கதியில் கொண்டுபோய் விட்டது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

தரவை ஏற்றுமதி செய்யும்போது இரண்டு வடிவம் உண்டு. ஒன்று சாதாரண அட்டவணை. இன்னொன்றில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் யார் எடுத்தார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதும் வரும். முதல் பருவத்தில் ஒரு நாள் இரண்டாவது வடிவத்தை நானே திறந்து பார்த்தேன். ஒரு திடலில் 180 பிளாட்டின் உயரம் 14 நிமிடத்தில் பதிவாகியிருந்தது. 180 பிளாட்டை நடந்து கடக்கவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். உதவியாளர் வயலுக்கே போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து அடித்துவிட்டிருக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மெமோ ஒன்றை எழுதியும் விட்டேன். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் பண்ணைப் பொறுப்பாளரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: “ஆமாங்க, மரத்தடியிலதான் போட்டாரு. காலையில மூணு மணி நேரம் வயல்ல காகிதத்துல எழுதினாரு. உங்க டேப்லட்டுல வெயில்ல ஒண்ணும் தெரியலையே.”

மெமோவைக் கிழித்துப் போட்டேன். ஆனால் பிரச்சினை அதோடு முடியவில்லை. நேரமும் பெயரும் பதிகிற கருவியைக் கொடுத்துவிட்டு, அதை மேலதிகாரி திறந்து பார்ப்பார் என்பது தெரிந்தால் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஒவ்வொரு பிளாட்டுக்கும் ஒரு நிமிடம் விட்டு விட்டுத் தட்டுவார்கள். தரவு பார்க்க அழகாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும். அன்றிலிருந்து அந்த நேரப் பத்தியை நான் பார்ப்பதில்லை. திட்டத் தலைவர் மட்டும், தரவில் சந்தேகம் வந்தால் மட்டும், அளந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்திருக்கிறேன். செயலி வாங்குகிறவர்கள் முதல் நாளே இதைத் தீர்மானித்துவிடுவது நல்லது. நான் ஒரு பருவம் தாமதித்தேன்.

விபத்தும் நடந்தது. இரண்டாம் பருவத்தில் ஒரு டேப்லட் வாய்க்காலில் விழுந்தது. இரண்டு நாள் அளவுகள் அதற்குள்ளேயே இருந்தன. செயலி தட்டிய கணமே சேமிக்கிறது என்று மேலே பாராட்டினேன் அல்லவா, சேமிப்பது அந்தக் கருவிக்குள். வெளியே எடுக்க வேண்டியது நம் வேலை. நாங்கள் எடுக்கவில்லை. உயரத்தைத் திரும்ப அளந்துகொண்டோம். பூத்த தேதியைத் திரும்ப அளக்க முடியுமா? அந்த ரெப்ளிகேஷனில் அந்தப் பத்தி காலியாகவே போனது. இப்போது மாலை பண்ணையை விட்டுக் கிளம்பும் முன் அன்றைய கோப்பை ஏற்றுமதி செய்து சர்வரில் போட்டால்தான் டேப்லட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஸ்டாக் அறை ஆள்தான் இதில் கண்டிப்பு; விஞ்ஞானிகள் அவரிடம் பல் இளித்துப் பார்த்தும் நடக்கவில்லை. இன்னொரு வசதியும் இங்கே கை கொடுக்கிறது. திரையில் ஒரு பூட்டுக் குறி இருக்கிறது. அதில் ஒரு நிலையில், ஏற்கெனவே உள்ள எண்ணைத் திருத்த முடியாது, புதிதாக மட்டும் சேர்க்கலாம். கை தவறி நேற்றைய எண்ணை அழிப்பது இதனால் நின்றது.

இதற்கு முன் நாங்கள் கட்டண மென்பொருள் ஒன்று வைத்திருந்தோம். பெயர் வேண்டாம். இதைவிடப் பளபளப்பானது, வரைபடமெல்லாம் வண்ணத்தில் வரும். ஒரு திட்ட நிதியில் வாங்கியது. திட்டம் முடிந்தது, உரிமக் கட்டணம் கட்ட நிதித் தலைப்பு இல்லை, ஒரு நாள் காலையில் திறக்கவில்லை. தரவு உள்ளே, நாங்கள் வெளியே. மூன்று மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு ஒரு கோப்பு வந்தது, அதில் பாதிப் பத்திகளுக்குத் தலைப்பு இல்லை. அந்தக் காயம் இருந்ததால்தான் ஃபீல்டு புக்கின் சி.எஸ்.வி. எனக்குத் தங்கமாகத் தெரிகிறது. அதைத் திறக்க எதன் தயவும் வேண்டாம், நோட்பேடு போதும்.

பழைய தரவின் அருமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையம்தான் ஞாபகம் வரும். அங்கே பிராட்பாக் கோதுமைத் திடல் 1843-இல் தொடங்கியது. 1919-இல் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷரை வேலைக்கு எடுத்தது, அங்கே குவிந்து கிடந்த பழைய பதிவுகளிலிருந்து இன்னும் ஏதாவது தேறுமா என்று பார்க்கத்தான். இன்று நாம் சோதனைகளில் போடும் ரெப்ளிகேஷனும் ரேண்டமைசேஷனும் (எந்த ரகம் எந்தப் பிளாட்டில் என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானிப்பது) முறையாக உருவானது அந்த வேலையின் தொடர்ச்சியாக. 76 ஆண்டு நோட்டுகளைத் திறந்தபோது அவருக்கு நீல அட்டையா மஞ்சள் அட்டையா என்ற கேள்வி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாரோ திடல் 1876 முதல் நடக்கிறது. பக்கத்தில் நூலகம் கட்ட வேண்டி வந்தபோது, பயிர் மேல் நிழல் விழக்கூடாது என்று நூலகத்தையே நிலத்துக்குள் இறக்கிக் கட்டினார்கள். அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்ட நிர்வாகியை எனக்கு ஒரு முறை பார்க்க ஆசை.

இனி, இது செய்யாதவை. ஐபோனில் ஓடாது. புள்ளியியல் பகுப்பாய்வு செய்யாது, செய்வதாகச் சொல்லவும் இல்லை. விதை இருப்பு, நில ஒதுக்கீடு, ஆள் கூலி, நிதிக் கணக்கு எதுவும் இதில் இல்லை. ‘ஆராய்ச்சி மேலாண்மை மென்பொருள்’ என்று நினைத்து இறக்கினால் ஏமாறுவீர்கள். விதை இருப்புக்கும் கலப்புப் பதிவுக்கும் அதே குழுவின் வேறு சிறு செயலிகள் இருக்கின்றன. கலப்புக்கான இன்டர்கிராஸை மட்டும் சோதித்தோம், நன்றாகத்தான் இருக்கிறது. படம் எடுத்துச் சேர்க்கும் வசதியைத் திறந்துவிட்டால் மாணவர்கள் பிளாட்டுக்கு நாலு படம் எடுப்பார்கள், டேப்லட் பத்து நாளில் நிரம்பிவிடும்.

பெரிய இடைவெளி ஒன்று உண்டு, ஆனால் அது செயலியின் பக்கத்தில் இல்லை. பிராபி என்ற பொது இணைப்பு முறை மூலம் இதை பிரீட்பேஸ் போன்ற தரவுத்தளத்தோடு நேரடியாகப் பேச வைக்கலாம். திடல் அங்கிருந்து இறங்கும், அளவு அங்கேயே ஏறும், நடுவில் கோப்பு தூக்கிப் போகும் வேலையே இல்லை. நாங்கள் இன்னும் அங்கே போகவில்லை. தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். எங்கள் பணியிடப் பட்டியலில் பேராசிரியர் உண்டு, பண்ணை மேலாளர் உண்டு, ஓட்டுநர் உண்டு. தரவுக் காப்பாளர் என்று ஒரு பணியிடம் இல்லவே இல்லை. இரண்டு முறை எழுதிக் கேட்டேன். “ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருக்கிறதே” என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறைக்கான கோப்பு தயாராகிக்கொண்டிருக்கிறது. வாய்க்கால் கதையை அதில் இணைப்பாக வைத்திருக்கிறேன்.

காசு செலவில்லாமல் செய்த ஒரு காரியம் நன்றாக நடக்கிறது. மாணவர் படிப்பை முடித்துப் போகும்போது நிலுவை இல்லாச் சான்று வாங்குவார்கள். நூலகம், விடுதி, ஆய்வகம் என்று கையெழுத்துகள் இருக்கும். அதில் ஒரு வரி சேர்த்தோம்: வயல் தரவு, பண்புக் கோப்புடன், ஒப்படைக்கப்பட்டது. முதல் ஆண்டு முணுமுணுத்தார்கள். போன மாதம் ஒரு புதிய மாணவி, மூன்று பருவத்துக்கு முந்தைய திடலின் கோப்பைத் திறந்து, தன் முதல் நாளிலேயே வேலையைத் தொடங்கினாள். யாருக்கும் போன் போடவில்லை.

என்னிடம் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்றைக் குறைத்தது செயலிக்கா எங்களுக்கா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

பண்ணையில் மூத்த உதவியாளர் ஒருவர் இருக்கிறார். நான் மாணவனாக வந்தபோதே இருந்தவர். என் முனைவர் பட்டத்தின் உயரங்களில் பாதி அவர் அளந்தவை. டேப்லட் வந்தபோது அதிகம் எதிர்த்தது அவர்தான், மரத்தடியில் உட்கார்ந்து தட்டியவரும் அவர்தான். இரண்டாம் பருவ முடிவில் மாணவர் ஒருவர் ஏற்றுமதிக் கோப்பை அச்செடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டியிருந்தார். அந்த மூத்த உதவியாளர் அதன் முன்னால் நின்று, ‘அளந்தவர்’ என்ற பத்தியில் தன் பெயர் வரிசையாக இறங்குவதை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். இத்தனை ஆண்டில் எத்தனையோ ஆய்வேடு அவர் அளவுகளில் எழுதப்பட்டிருக்கிறது. என்னுடையதில் நன்றியுரையில் ‘பண்ணைப் பணியாளர்களுக்கு’ என்று ஒரு சொல்தான் இருக்கிறது.

என்னைப் பார்த்ததும் திரும்பி, “ஐயா, அந்த மிஷின்ல எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா வருமா? கண்ணு முன்ன மாதிரி இல்ல” என்றார். வரும், அமைப்புகளில் இருக்கிறது. டேப்லட்டை வாங்கிப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.